மந்திரித்த ஹெட்லைட்

என் வீட்டுக்காரர் ஞானசேகர் மாதிரி ஒரு பிடிவாதக்காரரைத் திருப்பத்தூர் தாலுகாவிலேயே பார்க்க முடியாது. சாயங்காலமானால் ரோடு தெரியவில்லை என்று தொண்ணூற்றாறாம் வருஷம் முழுக்கப் புலம்பினார். எல்லாம் எங்கள் ஃபியட் காரின் ஹெட்லைட் செய்கிற வேலை என்று அவராகவே முடிவுகட்டினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் மாமனாருக்கும் இதே வயதில் பொழுது சாய்ந்தால் பார்வை மங்கியது, பிறகு பகலிலும் போய்விட்டது. அதைச் சொன்னால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"மதுரையில ஒருதடவ கண்ணக் காட்டிட்டு வந்துருவோம்," என்றேன்.

"மொதல்ல லைட்ட மாத்துறேன். அப்பவும் தெரியலைன்னா நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கு வாரேன், வண்டியையும் தொடமாட்டேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத, யூஜினியா."

சரி என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

எலெக்ட்ரீஷியன் மருது நூறு வாட் ஹாலஜன் பல்பு இரண்டு போட்டு, பழைய வயர் சூடு தாங்காது என்று புது வயரும் இழுத்தார். "எதிர்ல வர்றவன் பூராம் உங்கள வஞ்சுக்கிட்டேதான் போவான் சார்," என்றார். என் வீட்டுக்காரருக்கு அதில் ஏக சந்தோஷம். வாத்தியாராக இத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளையின் மார்க்கையும் இவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் பங்குச் சாமியார் மந்திரிக்காமல் ஓடாது. மிக்ஸிகூட கோயிலுக்குப் போய்த் தீர்த்தம் வாங்கி வந்ததுதான். மறுநாள் சாயங்காலம் காரைக் கோயில் வாசலில் நிறுத்தினோம்.

"லைட்டு எரியட்டும் சாமி. மந்திரிக்கிறதே அதுக்குத்தான்," என்றார் இவர்.

சாமியாரும் சரி என்றார். அவர் ஜெபத்தைச் சுருக்குகிற ஆளே இல்லை. அவ்வளவு நேரமும் லைட் எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் தீர்த்தத்தைத் தாராளமாக அள்ளித் தெளித்தாரே, இடதுபக்க லைட்டின் கண்ணாடி 'டப்'பென்று விரிசல் விட்டது.

"அடடா!" என்றார் சாமியார். சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அடுப்படியில் புழங்குகிற எனக்கே தோன்றவில்லை. சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டேன்.

"கண்ணாடிதான? பல்பு எரியுதுல்ல," என்று இவர் வண்டியை எடுத்துவிட்டார். திருக்கோஷ்டியூர் ரோட்டில் வெள்ளோட்டமாம்.

இருட்டத் தொடங்கியிருந்தது. ரோடு பளிச்சென்று தெரிந்தது, ஓரத்துப் புளியமரங்களின் வெள்ளையடித்த அடிமரம் வரைக்கும். குறை லைட்டில்தானோ என்று நானும் நினைத்தேன். அப்படியே இருந்துவிட்டால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன்.

பிள்ளையார்பட்டி பக்கமிருந்து வந்த மேகம் தூறலைப் போட்டது. விரிசல் வழியே தண்ணீர் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். இடதுபக்கம் ஏதோ வெடித்த சத்தம். என் பக்கத்து மரங்கள் எல்லாம் இருட்டுக்குள் போய்விட்டன.

இவர் வேகத்தைக் குறைக்கவேயில்லை.

"பாத்தியா, பட்டப்பகலு மாதிரி இருக்கு. ரெண்டும் என்னமா எரியுது!"

நான் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்குட்டுப் பாத்து ஓட்டுறீக? நிறுத்துங்க."

"எதுக்கு?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க! ஒரு லைட்டு அணஞ்சு போச்சு."

நம்பாமல் இறங்கி வண்டிக்கு முன்னால் போனார். நேருக்கு நேர் நின்றால் யாருக்கும் தெரியும், எரிவது ஒன்றுதான் என்று. அணைந்த கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு தூறலில் அப்படியே நின்றார். நான் கூப்பிடவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பு துளியும் இல்லை.

திரும்பி வந்தவர் ஸ்டீயரிங் பக்கம் குனிந்து லைட்டை அணைத்துச் சாவியை உருவினார். சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து அதை என் கையில் வைத்தார். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அது அவருக்கும் தெரியும்.

"மதுரைக்கு மொத பஸ்சு எப்ப?" என்று கேட்டார்.