வெளுத்த நாற்றுகள்

ஆய்வுக்குப் பொறுப்பான செபநாயகம் சேர் இலையொன்றின் நுணுக்குக்காட்டிப் படத்தைத் திரையில் விட்டுவிட்டு, "இது ஜெனிற்றா கண்டுபிடிச்சது" என்றார். கூட்ட அறை முழுவதும் கை தட்டியது. 'நானில்லை சேர், றஜனி' என்று சொல்லத்தான் ஜெனிற்றா எழும்பினாள். ஆனால் எழும்பி நின்றதும் முகத்தில் வந்தது ஒரு சிரிப்பு. பின்வரிசையில் றஜனியும் கை தட்டிக்கொண்டிருந்தாள். ஜெனிற்றா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இருபாலையில் உள்ள அந்தத் தாவர ஆய்வு நிலையத்தில் ஜெனிற்றா கலாநிதிப் பட்டத்துக்காகப் புகையிலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். செடிக்குள் தண்ணீர் ஏறுகிற காழ்க் குழாய்கள் எப்படி உண்டாகின்றன என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்கென்று ஒரு மரபணு இருக்கிறது. நரம்பு ஓட வேண்டிய இடத்தில் மட்டும் அது விழிக்கும். அது விழித்த உயிர்க்கலம் தன் சுவரைச் சுருள் சுருளாகத் தடிக்க வைத்துவிட்டுச் செத்துப்போகும். மிஞ்சுகிற வெறுங்கூடு தண்ணீர் போகும் வழியாகும். மற்ற இடங்களில் அந்த மரபணுவைச் செடி உறங்கவே விடும். ஒரு மருந்து பட்டால் செடி முழுவதும் அது விழிக்கும்படி ஜெனிற்றா நாற்றுகளை மாற்றியிருந்தாள். முந்தின தொகுதிகளில் மருந்து விட்டும் ஒன்றும் நடக்கவில்லை. இந்தத் தொகுதிக்கும் மருந்து விட்டிருந்தாள், ஆனால் இதிலாவது நடக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு விட்டுப்போயிருந்தது.

அதனால்தான், ஒரு காலை நாற்றுகள் வெளுத்துத் துவண்டு கிடந்ததைக் கண்டபோது, தண்ணீர் விடாமல் வாடிவிட்டன என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. பராமரிப்பு றஜனியின் பொறுப்பு. உடுப்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற இறுதி வருட மாணவி அவள். பஸ் பிந்தியதால் அன்று அப்போதுதான் உள்ளே வந்திருந்தாள். செய்முறைக் கூடத்தில் எல்லோரும் நிற்க, "தண்ணி விடக்கூட ஏலாதெண்டால் நீ ஏன் இஞ்சை வாறனி?" என்று ஜெனிற்றா கேட்டாள். வழக்கமாக அவளை மரியாதையாக 'நீர்' என்றுதான் கதைப்பாள். தட்டுகளை எடுத்துக் குப்பைவாளிக்குள் தானே கவிழ்த்தாள். றஜனி தான் தண்ணீர் விட்டதாகச் சொன்னாள். இரண்டாந்தரம் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து கூடத்தில் அவளுக்குப் பெயர் 'கோடை'. தங்கள் நாற்றுகளை அவளிடம் விட்டுப்போக எவரும் துணியவில்லை.

ஆனால் றஜனி அன்றே குப்பைவாளியிலிருந்து ஒரு நாற்றை எடுத்து வைத்திருந்தாள். அதன் இலைக்குச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தவள், வந்து ஜெனிற்றாவைக் கூப்பிட்டாள். ஜெனிற்றா குனிந்து பார்த்தாள். நரம்பு இல்லாத இடத்திலும் கலத்துக்குக் கலம் சுருள்கள். இலை முழுவதும் குழாயாகிச் செத்திருந்தது. நாற்றுகள் தண்ணீரில்லாமல் வாடவில்லை, மரபணு விழித்திருந்தது.  சந்தோஷத்தில் ஜெனிற்றா உடனே படமெடுத்து, "வேலை செய்யுது சேர்" என்று மட்டும் எழுதி அனுப்பினாள். கண்டது யாருடைய கண் என்று எழுதவில்லை. அவசரம் என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற றஜனியிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. அதற்கும் அவசரந்தான் காரணமாயிற்று.

கூட்டம் முடிந்து ஜெனிற்றா வீட்டுக்குப் போனாள். கை தட்டு வாங்கியதைவிட அந்தச் சிரிப்புத்தான் அவளை வதைத்தது. அதை அவள் வரவழைக்கவில்லை, தானாக வந்தது. அப்படியானால் அது தனக்குள்ளேயே இருந்திருக்கிறது என்று நினைக்க உடம்பு கூசியது.

காலையில் முதல் வேலையாகச் சேரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "அப்பிடியோ? சரி, கட்டுரையிலை அவவின்ரை பேரையும் போடுவம்" என்றார். அவ்வளவுதான். இத்தனை சுலபமான ஒன்றையா நேற்றுச் சொல்ல முடியாமல் போனது என்று அவளுக்கு இன்னும் வெட்கமாயிற்று. ஆனாலும் பாரம் கொஞ்சம் இறங்கினமாதிரி இருந்தது. செடிவீட்டில் றஜனியைத் தேடிப் பிடித்து, சேரிடம் எல்லாம் சொல்லிவிட்டதாகவும், அன்று ஏசியது பிழை என்றும் சொன்னாள்.

றஜனி தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள்.

"சேரிட்டை எங்கை வைச்சுச் சொன்னீங்கள், அக்கா?"

"சேரின்ரை அறையிலை."

"ஓம்." ஒரு நாற்றுத் தட்டை நேராக்கி வைத்தாள். "என்னை ஏசினது எல்லாருக்கும் முன்னாலை."

குரலில் கோபம் இல்லை. சொல்லிவிட்டு அவள் கூடத்துக்கு நடந்தாள், ஜெனிற்றா பின்னால் போனாள்.

செய்முறைக் கூடத்தில் பெடியளும் பெட்டையளும் வேலை தொடங்கியிருந்தார்கள். றஜனி உள்ளே வந்ததும் ஒருவன் "கோடை வந்திட்டுது" என்றான், சிரிப்பெழுந்தது. ஜெனிற்றா அவளுக்குப் பின்னால் வாசலில் நின்றாள். பேரைக் கட்டுரையில் போடலாம். இந்தச் சிரிப்பை எப்படித் திருப்பி வாங்குவது என்று தெரியவில்லை. கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று, "எல்லாரும் ஒருக்கால் இஞ்சை பாருங்கோ" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னாள். ஸ்டூல்கள் திரும்பின. முகங்கள் அவளைப் பார்த்தன. தன் மேசைக்குப் போன றஜனி மட்டும் நிமிரவில்லை.

கேட்கவில்லையென்று யாரோ எட்டி மின்விசிறியை நிற்பாட்டினார்கள். மேசைகளில் படபடத்துக்கொண்டிருந்த வடிகட்டும் தாள்கள் ஒவ்வொன்றாக அடங்கின.