ஜூலை முதல் டிசம்பர் வரை

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு அட்டவணையைப் பார்த்தேன்: நாற்பது தொழிலாளர்கள், பன்னிரண்டு மாதக் காது சோதனை. ஜனவரி எண்கள் அப்படியே ஜூலையில், பிப்ரவரி எண்கள் ஆகஸ்டில். ஒன்றுகூட மாறவில்லை. மனுஷக் காது இப்படியா நடந்துகொள்ளும்?

2

முதல் தொடக்கம்: ‘அம்பத்தூர் எஸ்டேட்டின் மேல் பொழுது மெல்லப் புலர்ந்து...’

சே! தகடு அடிக்கும் பிரஸ் ஷாப் இரைச்சலில் காது போனவரின் கதைக்கு இதுவா ஆரம்பம்?

இரண்டாவது தொடக்கம்: தாட்சாயிணி அந்த அட்டவணையை ஒரே வரியில் செய்தாள்.

[அவள் அந்தத் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஆபீசில் கம்பெனிகளுக்குப் புள்ளிவிவரம் போட்டுக் கொடுப்பவள்.] நீளமாகக் கிடக்கும் எண்களைக் கட்டம் கட்டமாக, அதாவது மேட்ரிக்ஸாக, அடுக்க வேண்டும். புரோகிராமில் லூப் போட்டு, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி, மாதம் மாதமாக நிரப்பினால் எட்டு வரி ஆகும்.

“இன்னும் லூப்பா? ஒரே வரில முடிங்க தாட்சா,” என்று சிரித்தார் மேலாளர் கிரண். அவளும் ரோஷத்தில் முடித்தாள். நாற்பது பேர் கீழாக, பன்னிரண்டு மாதம் குறுக்காக.

[அந்த ஒரு வரிக் கட்டளைக்கு ஒரு பழக்கம் உண்டு. எண்கள் தீர்ந்துபோனால் முதலிலிருந்து எடுத்து நிரப்பிவிடும். வந்திருந்தது ஆறு மாத எண்கள்தான். பன்னிரண்டு மாதத்துக்குச் சரியாக இரண்டு சுற்று, மிச்சமில்லை, அதனால் எச்சரிக்கையும் இல்லை. லூப் போட்டிருந்தால் இல்லாத இடம் ‘இல்லை’ என்றே நின்றிருக்கும்.]

3

காது போன உத்தமனை நான் நம்பவில்லை. கண்ணீர் வரவழைக்கத்தான் இவரைக் கூட்டி வருகிறேனோ என்று இரண்டு நாள் கதைக்கு வெளியே நிறுத்திவைத்தேன். மனுஷன் அட்டவணையோடு தாட்சாயிணியின் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

மேனாம்பேட்டுக்காரர். பிரஸ் ஷாப்பில் பதினாறு வருஷம். ஜூனுக்கு அப்புறம் இடது காது கேட்கவில்லை, வேறு பிரிவுக்கு மாற்றுங்கள் என்று கேட்டிருக்கிறார். டிசம்பரில் உன் காது நன்றாகத்தான் இருந்தது என்று இந்த அட்டவணையைக் காட்டித் துரத்திவிட்டார்கள்.

“இன்னாம்மா இது? ஜூன் கடசில காது பாக்குற மிசினு ரிப்பேர்னு எட்த்துகினு பூட்டாங்க. அப்பால ஒருத்தனும் என் காத வந்து பாக்கல. டிசம்பர்ல நல்லா கீதுன்னு யாரு சொன்னது?”

தாட்சாயிணி அட்டவணையைக் கையில் வாங்கினாள். “நான்தாண்ணா சொன்னேன்.”

“இன்னா? இந்தாண்ட வந்து சொல்லும்மா.” வலது காதைக் காட்டினார்.

அதை அவள் இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

4

அன்றைக்கே லூப் போட்டாள். ஆறு மாதம் காலியாக வந்தது. கிரணிடம் காட்டினாள்.

“ரிப்போர்ட்ல இவ்ளோ ஓட்டையா? பழசே இருக்கட்டும். புரோகிராம்தானே நிரப்பிச்சு? நீங்களா பொய் எழுதினீங்க?”

[அடப்பாவி! இந்த இடத்தில் நான் பேனாவை வீசிவிட்டு எழுந்து போனேன்.]

“நான்தான் சார் எழுதினேன். எடுக்காத டெஸ்ட்டுக்கு நம்பர் போட்டது என் கைதான். இதை மாத்தாம நான் வேற வேலை தொடமாட்டேன்.”

5

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் உத்தமனுக்கு இடமாற்றம் கிடைக்கிறது. மற்றதில் தாட்சாயிணிக்கு வேலை போகிறது. படித்துப் பார்த்தால் இரண்டுமே என் பழைய கதைகளின் முடிவு. கைச்சரக்கு தீர்ந்ததும் முதலிலிருந்து எடுத்து நிரப்பியிருக்கிறேன்! கிரணைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? கிழித்துப் போட்டேன்.

திங்கட்கிழமை கம்பெனியில் உத்தமன் காது பற்றி விசாரணை. தாட்சாயிணி காலிக் கட்டங்களோடு புது அட்டவணையை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, உத்தமன் கையில் கொடுத்துவிட்டாள். அதுவரைதான் எனக்குத் தெரியும்.

ஜூலை:
ஆகஸ்ட்:
செப்டம்பர்:
அக்டோபர்:
நவம்பர்:
டிசம்பர்:

நிரப்பித்தான் தீர வேண்டும் என்றால் போய் உத்தமனைக் கேளுங்கள். வலது பக்கமாக நின்று கேளுங்கள்.