பிரதி காணவில்லை

நூலகத்துக்குப் புத்தகம் வாங்கச் சொல்லி எழுதும் படிவத்தில் 'ஏற்கெனவே உள்ளதா?' என்றொரு கேள்வி உண்டு. ஆராய்ச்சி மாணவி அதற்கு 'பிரதி காணவில்லை' என்று எழுதினாள். பொய் இல்லை. காணாமலாக்கியதே அவள்தான் என்று எழுதத்தான் படிவத்தில் இடமில்லை.

நிலத்தடி நீர் பற்றிய தடித்த புத்தகம். பல்கலைக்கழகத்துக்கே ஒரு பிரதி, வீட்டுக்கும் தரமாட்டார்கள். கூடப் படிக்கிறவர்கள் கண்ணில் படக் கூடாதென்று, யாரும் சீண்டாத பழைய ஆய்விதழ்களுக்கு நடுவே செருகியிருந்தாள். எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் சுவருக்குப் புது வண்ணம், ஆய்விதழ்களைக் காணோம். எடைக்குப் போட்டிருப்பார்கள் என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். யாரிடம் போய், என்னவென்று கேட்பது?

ஒரு மாதத்தில் புதுப் பிரதி வந்தது. கேட்டவள் என்பதால் ஒரு வாரம் வீட்டுக்கே கொடுத்தார்கள். ஆனால் அந்த இரண்டு வார்த்தை சும்மா கிடக்கவில்லை. பிரதி எப்படித் தொலைந்தது என்று தலைமை நூலகர், புத்தகம் அடுக்கும் அண்ணனிடம் விளக்கம் கேட்டிருந்தார். அண்ணனோ கண்ணைக் கட்டி விட்டாலும் கேட்டதை எடுத்து வருகிற மனிதர். 'என் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். வாசலில் பை சோதிக்கிற ஸ்டூலுக்கு மாற்றிவிட்டார்கள்.

திருப்பிக் கொடுக்க வந்த அவள் பையிலிருந்த புதுப் பிரதியை எடுத்துத் தடவிப் பார்த்தார் அவர். "பழசை மூணு ஞாயித்துக்கிழமை தேடினேம்மா. வயசாயிடுச்சு போல, கண்ணுல படவே இல்ல."

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குண்ணே. நான்தான் ஒளிச்சு வச்சேன். பழைய ஜர்னலுக்கு நடுவுல."

திட்டட்டும் என்று நின்றாள். அவர் புதுப் பிரதியை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அதையெல்லாம் கட்டி மாடிப்படிக்குக் கீழ போட்டிருக்கோம். எந்த வருஷத்துது?" என்றார். சொன்னாள். "அப்ப இடது பக்கம், அடியிலேர்ந்து ரெண்டாவது கட்டு. நான் இங்கேருந்து நகரக் கூடாதும்மா. நீயே போய் எடு."

அடியிலிருந்து இரண்டாவது கட்டில்தான் இருந்தது. ஒட்டிய தூசியைக்கூடத் துடைக்காமல், நேரே தலைமை நூலகரின் அறைக்குப் போய் இரண்டு பிரதிகளையும் மேசைமேல் வைத்தாள்.

"அண்ணன் எழுதிக் குடுத்த விளக்கத்தைக் கிழிச்சுப் போடுங்க சார்," என்றாள். "அது நான் எழுத வேண்டியது."