சுல்தானா வீட்டுக்கு எந்த ஆப் சரிப்பட்டது

லப்பைக்குடிகாட்டில் சுல்தானாவின் வீடு மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது, ஷார்ஜாவில் இருக்கும் அவள் கணவன் முகமது ஆசிக், வேலைகளைக் குறித்து வைக்க போனில் ஓர் ஆப் போடச் சொன்ன வாரத்தில்தான். செய்யாமல் நின்ற ஒவ்வொரு வேலைக்கும் வீடு கொஞ்சம் இறங்கியது. விரிசல் இல்லை, சத்தம் இல்லை. முதலில் வாசற்படி போனது, பிறகு ஜன்னல் தெருமட்டத்துக்கு வந்தது. பார்க்க வந்த இன்ஜினியர், அஸ்திவாரம் கல்லு மாதிரி இருக்கிறது என்று சொல்லி, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போனார். தெருவில் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று மட்டும் சொன்னார்கள். அதைச் சொல்ல ஆள் வேண்டுமா? சுல்தானாவுக்கு இரவும் பகலும் அதே பயம்தான்.

ஆசிக் கெட்டவன் இல்லை. கம்பெனி பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருந்தால் அவனுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வரும், ஞாபகம் வந்தால் ஒரு வேலை எழுதுவான். மோட்டாருக்குக் காயில் கட்டணும், அத்தாவைக் கண் டாக்டரிடம் காட்டணும், அரும்பாவூர் நிலத்தைப் போய்ப் பார்க்கணும். வெளிநாடு போய்ச் சம்பாதிக்கும் சபுராளிகளின் வீடுகளில் பாசம் இப்படித்தான் வரும், வேலையாக வரும். முதல் ஆப் சரியில்லை என்று கலர் கலராகக் கட்டம் காட்டும் இன்னொன்றைப் போடச் சொன்னான். அதுவும் சரிப்படாமல், மணியடிக்கும் மூன்றாவது. பழையதை அழிக்க யாருக்கு நேரம்? ஒரே வேலை மூன்று இடத்தில் பாக்கியாக நிற்க, வீடு மும்மடங்கு வேகத்தில் இறங்கியது. மூன்றாவதில் ஆசிக்கின் அம்மாவான மாமியும் நாத்தனாரும்கூடச் சேர்ந்துகொண்டு எழுதினார்கள். சுல்தானா சோற்றைக் கையில் பிசைந்தபடியே தூங்கிவிழுந்தாள். அப்படியொரு அலுப்பு, எதிரிக்கும் வரக்கூடாது.

பத்திர நகல் எடுக்கப் பெரம்பலூர் போனபோது, அங்கே இ-சேவை மையம் வைத்திருக்கும் பானுப்ரியா அவள் போனை வாங்கிப் பார்த்தாள்.

“எந்த ஆப் நல்லதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்க்கா. எழுதுறது யாரு, செய்யுறது யாரு? அத மொதல்ல சொல்லுங்க.”

சுல்தானா பத்திரத்தை மேஜையில் வைத்தாள். “எழுதுறது எல்லாரும். செய்யுறது நாந்தான்.”

பானுப்ரியா மூன்றையும் அழித்துவிட்டு நாலாவதாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அதில் ஒருவர் எழுதும் வேலை, மற்றவர் ஒப்புக்கொள்ளும்வரை எழுதியவர் பெயரிலேயே கிடக்கும். சுல்தானா முடிந்ததை ஒப்புக்கொண்டாள், முடியாததை விட்டுவிட்டாள். வீடு நின்றது. அதற்குமேல் ஓர் அங்குலம் இறங்கவில்லை. ஆனால் மாமியின் நாற்காலி கணுக்கால் ஆழத்துக்குப் புதைந்தது. மாமியும், அதைப் பார்த்த நாத்தனாரும் எழுதுவதை விட்டார்கள். ஷார்ஜாவில் நாலாவது மாடியில் இருந்த ஆசிக்கின் கட்டில் மூன்றாவது மாடிக்குப் போனது, பிறகு இரண்டாவதுக்கு. கூடத் தங்கியிருந்தவர்கள் வாடகை மாறாது என்று மட்டும் சொல்லிவிட்டார்கள்.

“எழுதுறத நிறுத்துங்களேன் மச்சான்” என்றாள் சுல்தானா போனில்.

“ஒன்னய நெனச்சா கை தானா எழுதுது புள்ள. இப்ப தரைத்தளத்துக்கு வந்துட்டேன்.”

“அப்ப இன்னும் எறங்குங்க. எறங்கி எறங்கி ஊருக்கே வந்து சேருங்க.”

அவள் கோபத்தில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதாள்.

ஐப்பசி பிறப்பதற்குமுன் ஒரு ஜும்மா நாளில், அடுப்படித் தரை டைல்ஸைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு ஆசிக் மேலே வந்தான், முடியெல்லாம் மண். தெருவில், சாமான் என்ன கொண்டுவந்தான் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். சுல்தானா டீ போட்டுக் கொடுத்தாள். அவன் டீயைக் குடித்துக்கொண்டே, தான் எழுதிய வேலைகளைப் போனில் மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தான்.

“யா அல்லாஹ், இம்புட்டுமா?”

“இம்புட்டுந்தான்” என்று தலையணையை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

மழை எல்லோரும் சொன்னபடியே வந்தது, தண்ணீர் எல்லோரும் சொன்னபடியே வீட்டுக்குள் இறங்கியது. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆசிக் வாளி வாளியாக அள்ளி வெளியே ஊற்றினான். கட்டில் கால்வரை தண்ணீர் நின்றது. சுல்தானா தூங்கிக்கொண்டிருந்தாள்.