கவனக்குறைவால் தொலைந்தது

அக்காவின் அடையாள அட்டையைத் தொலைத்தது மூன்றாம் எண் சன்னல். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வந்த அரசாங்கத் தாள் ஒன்றிலாவது இதை ஏற்றுவதற்கு அக்கா படாத பாடு பட வேண்டியிருந்தது.

நாங்கள் வீடு மாறியதால் முகவரியை மாற்ற ஏழு வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை அடையாள அட்டை அலுவலகத்துக்குப் போனோம். பழைய அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும். புதியது தபாலில் வரும். அதுதான் முறை. சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் விண்ணப்பத்தை வாங்கினார், அட்டையை வாங்கினார், இரண்டையும் ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகினார், திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்கு மேலாகப் பின்புற அலமாரித் தட்டில் வீசினார். ரசீதில் 'விண்ணப்பம் பெறப்பட்டது' என்று மட்டும்தான் அச்சிட்டிருந்தது.

"அட்டைக்கு ரசீது?" என்று கேட்டேன்.

"அதுக்குத் தனியா எல்லாம் கெடையாது சார். வாங்கி நாங்க என்ன தின்னுடவா போறோம்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் ஒன்பது வருடங்களாகத் தற்காலிக ஊழியர். அறுவை அரங்குத் துணிகள் அவள் பொறுப்பு. மூட்டை உள்ளே வந்ததும் ஒவ்வொரு துணியாக எண்ணுவாள். வெளுத்து, கொதிநீராவியில் வைத்து எடுத்து, மடித்து அனுப்பும்போது மறுபடி எண்ணுவாள். ஒரு கைத்துண்டு குறைந்தால்கூட அரங்கு வரைக்கும் போன் பறக்கும். ஆள் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டார்களா என்று பார்ப்பார்கள். எண்ணிக்கைத் தாளில் அக்காவின் கையெழுத்து இருந்தால் அங்கே யாரும் மறுபடி எண்ணுவதில்லை.

போன திங்கட்கிழமை அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாகியிருக்கிறது; பட்டியலில் அவள்தான் முதல். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பணியாளர் பிரிவில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தவறினால் பணியிடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

அன்றே அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு மூன்றாம் எண் சன்னலுக்கு வந்தாள். அதே ஆள். திரையைப் பார்த்தார்.

"பழைய கார்டை நீங்க ஒப்படைக்கலைன்னு காட்டுது. அதான் புதுசு அடிக்கல."

"உங்க கையிலதானே குடுத்தேன்."

"எங்கிட்ட குடுத்திருந்தா இதுல ஏறியிருக்கும்மா."

"அப்ப என் கார்டு எங்க?"

"உங்ககிட்ட."

"எங்கிட்ட இல்லங்க."

"அப்ப தொலைச்சுட்டீங்க" என்று சொல்லி ஒரு படிவத்தைச் சன்னல் ஓட்டை வழியாகத் தள்ளினார். மருந்து எழுதிக் கொடுக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

படிவத்தின் நடுவில் இப்படி அச்சிட்டிருந்தது: 'எனது அடையாள அட்டை எனது கவனக்குறைவால் .................. என்ற இடத்தில் தொலைந்துவிட்டது. அதைக் கொண்டு நடைபெறும் எச்செயலுக்கும் நானே பொறுப்பு.' கூடவே காவல் நிலையத்தில் வாங்கிய தொலைந்த சான்றும் வேண்டும். இரண்டையும் கொடுத்தால் ஒரு வாரத்தில் தற்காலிகச் சீட்டு. அவசரமென்றால் அன்றே கொடுப்பார்கள்; ஆனால் அது அவசரம் என்று மேலாளருக்குத் தோன்ற வேண்டும்.

அக்கா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். "எனது கவனக்குறைவால்" என்று வாய்விட்டுச் சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"யார் கவனக்குறைவு? தட்டு பின்னால இருக்கு, மூஞ்சி முன்னால இருக்கு, கையை மட்டும் வீசுறீங்க. எங்க விழுந்துச்சுன்னு ஒரு தடவை திரும்பிப் பாத்தீங்களா?"

"அம்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

நான் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் அவள் வேலை முடிந்ததும் காவல் நிலையத்துக்குப் போனோம். எழுத்தர் ஒரு தடித்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"எங்க தொலைஞ்சது?"

"மூணாம் நம்பர் ஜன்னல்ல" என்றாள் அக்கா.

"எந்த வீட்டு ஜன்னல்?"

"கார்டு ஆபீஸ் ஜன்னல்."

அவர் பேனாவை மூடிவிட்டார். "அம்மா, இத நான் எழுதினா, நானே அங்க போய் விசாரிக்கணும். என் பொண்ணு கார்டும் அங்கதான் கெடக்கு. நான் விசாரிக்கப் போனா அவளுக்குக் கல்யாணமாகிப் பேரன் பொறந்தாலும் கார்டு வராது. பஸ்ல போச்சுன்னு போட்டுக்கலாம்."

"நான் பஸ்லயே ஏறுறதில்ல. வேலைக்கு நடந்துதான் போறேன்."

"ஒரு நாள் ஏறினதா வெச்சுக்குங்கம்மா. டிக்கெட்ட வேணா நான் எடுக்குறேன்" என்று சிரித்தபடி நோட்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த மாதம் பத்தொன்பது பேர் அட்டை தொலைத்திருந்தார்கள். பத்தொன்பது பேரும் பேருந்தில்.

நியாயமாக அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்ற கணக்குதான் மனதில் ஓடியது. "எழுதிக் குடுத்துடுக்கா. மொதல்ல வேலை கைக்கு வரட்டும். அப்புறம் சண்டை போடலாம்" என்றேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. நான் ஒரு காப்பீட்டு முகவரின் அலுவலகத்தில் கடிதங்கள் எழுதுகிறவன். போகிற கடிதத்துக்கு நகல், வருகிற கடிதத்துக்கு எண், இரண்டுக்கும் கோப்பு. விவரம் குறைந்த கடிதம் திரும்பி வரும் என்பது இருபது வருட அனுபவம். எழுத்தர் 'பேருந்துப் பயணத்தின்போது' என்று எழுதி முடித்துவிட்டார்.

"எந்தத் தேதி, எந்த பஸ், எத்தனை மணி, எல்லாம் போடணுமே சார்" என்றேன்.

"பஸ்னாலே போதும் சார்."

"போதாது. கேள்வி வரும்."

சனிக்கிழமை என்றால் பேருந்தில் கூட்டம் இருக்காது, யாரும் நம்பமாட்டார்கள் என்று யோசித்து வேலை நாளாகப் பார்த்தேன். பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது, தடம் எண் இருபத்தேழு. ஒரு பொய்யை இவ்வளவு சிரத்தையோடு வேறு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அக்கா பேனாவை வாங்கினாள். "இது என் கையெழுத்து இல்லடா. என் கையப் புடிச்சு நீ போடுறது" என்றாள். ஆனால் போட்டாள். எனக்காகத்தான் போட்டாள்.

அந்தச் சான்றைக் கொடுத்தாலும் சீட்டு வர ஒரு வாரமாகும் என்பதால், அதுவரை அவகாசம் கேட்டு மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினேன். இணைப்புகள் ஒன்று முதல் ஏழு வரை. நான்காவது இணைப்பு காவல் நிலையச் சான்று. புதன்கிழமை மூன்று மணிக்கு நானும் கூடப் போனேன். பணியாளர் பிரிவு அலுவலர் ஒரு நடுத்தர வயது அம்மாள். கடிதத்தை நிதானமாகப் படித்தார்.

"ரொம்ப ஒழுங்கா இருக்கே. யார் எழுதினது?"

"நான்தான் மேடம்" என்றேன். முதுகு தானாக நிமிர்ந்தது.

அவர் நான்காவது இணைப்பில் நின்றார். எழுந்துபோய் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்தார். விரலை வைத்து மெல்ல இறக்கினார்.

"பதினாலாம் தேதி காலைல ஆறு அம்பதுக்கு உள்ள வந்து கையெழுத்து போட்டிருக்கீங்க. மூணு மணிக்கு வெளிய போயிருக்கீங்க. ஒம்பது இருபதுக்கு இங்க இருந்தீங்களா, பஸ்ல இருந்தீங்களா?"

அவர் பதிவேட்டிலிருந்து விரலை எடுக்காமலே தொடர்ந்தார்.

"இங்க இருந்தீங்கன்னா போலீஸ்ல பொய் எழுதிக் குடுத்திருக்கீங்க. பஸ்ல இருந்தீங்கன்னா வேலை நேரத்துல வெளிய போயிருக்கீங்க. ரெண்டுல எதும்மா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் குறுக்கே நீட்டி என்னை நிறுத்தினாள்.

"இங்கதான் மேடம் இருந்தேன். அரங்குத் துணி எண்ணிக்கிட்டு இருந்தேன். இந்தத் தாள்ல இருக்கிறது பொய். கார்டு பஸ்ல போகல. ஆபீஸ்ல குடுத்தேன், அவங்க தொலைச்சுட்டு என் தலையில கட்டுறாங்க."

அந்த அம்மாள் அவளையே பார்த்தார். "நீங்க சொல்றது நெசமாக்கூட இருக்கலாம். ஆனா எனக்கு வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கார்டு வேணும், இல்ல தற்காலிகச் சீட்டு வேணும். கடுதாசி வேணாம்." சான்றை நகல் எடுத்து வைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

தெருவுக்கு வந்ததும் அக்கா நின்றாள். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"ஒம்பது வருஷம்டா. அந்த ஏட்டைத் தெறந்தா என் பேருக்கு நேரா ஒரு சிவப்பு மை கெடையாது. ஒரே கடுதாசில என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டே."

"உனக்காகத்தானேக்கா..."

"எனக்காகவா? பஸ் நம்பரும் எனக்காகத்தானா? மணி நிமிஷம் எல்லாம் எனக்காகவா? அந்த ஜன்னல்காரன் சோம்பேறி. நீ புத்திசாலி. அவனையாவது மன்னிச்சுடலாம் போலிருக்கு."

வீட்டிலும் அவள் என்னோடு பேசவில்லை. வியாழக்கிழமை காலை என் மேசை மேல் அந்தச் சான்று நான்காகக் கிழிந்து கிடந்தது. எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியாமல் அலுவலகத்தில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் தன் வேலை முறையை இன்னொருத்திக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு மத்தியானம் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். "வர்றதுன்னா வா. வாயைத் தெறக்கக் கூடாது" என்றாள்.

வரிசையில் நின்றபடியே புதுப் படிவத்தை அவளே நிரப்பினாள். 'எனது கவனக்குறைவால்' தொடங்கி 'நானே பொறுப்பு' வரைக்கும் ஒரே கோடாக அடித்தாள். மேலே எழுதினாள்: 'இந்த அலுவலகத்தின் மூன்றாம் எண் சன்னலில் ஒப்படைத்தேன். இங்கேதான் தொலைந்தது.' தேதியும் போட்டாள், உண்மையான தேதி. மதிய இடைவேளை முடிந்து அவள் முறை வரும்போது மணி இரண்டே முக்கால்.

"அடிச்ச ஃபார்ம் செல்லாதும்மா."

"செல்லாதுன்னு அதுலயே எழுதி, கையெழுத்து போட்டுக் குடுங்க."

"அப்படியெல்லாம் வழக்கம் இல்ல."

"அப்ப வாங்கிக்குங்க."

"போலீஸ் சர்ட்டிபிகேட் எங்க?"

"கிழிச்சுட்டேன். அது பொய். நான் ஏறாத பஸ்ஸுல தொலைச்சதா எழுதியிருந்துச்சு."

அவர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அக்கா நகரவில்லை. சன்னல் பலகையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டாள். சோப்புநீரில் வெளிறிப்போன பெரிய கைகள். பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. "ஏம்மா, உன் ஒருத்திக்குத்தான் வேலையா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் திரும்பினாள். "இங்க கார்டு தொலைஞ்சுதுன்னு எத்தனை பேர் வந்திருக்கீங்க? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, பஸ்லயா போச்சு?"

காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தொண்டையைச் செருமினார். "என்னையும் பஸ்ல போச்சுன்னுதான் எழுதச் சொன்னாங்க. நானே பஸ் டிரைவர்மா. என் வண்டியில நானே தொலைச்சு, நானே தேடாம விட்டதா எழுதி வெச்சிருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அது அந்தச் சனிக்கிழமைச் சிரிப்பு இல்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, "என்னுதும் இந்த ஜன்னல்லதான் குடுத்தேன்" என்றாள். இன்னொருவர், "எங்கப்பாவோடதும்" என்றார். "கூப்பிடுய்யா உங்க மேலாளர!" என்று டிரைவர் போட்ட சத்தத்தில் குழந்தை வீரிட்டது.

மேலாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி வந்தார். அக்கா பின்புற அலமாரியைக் காட்டினாள். "அந்தத் தட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு கை போற சந்து இருக்கு. பாருங்க."

"அலமாரி சுவத்தோட அடிச்சிருக்கும்மா. அதை எடுக்கணும்னா கட்டட ஆளுங்க வரணும். எழுதிப் போட்டிருக்கோம்."

"எப்ப?"

"போன வருஷம்."

அக்கா வாய் திறக்கவில்லை, கூட்டம் திறந்தது. நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகள் சில அந்தக் கூரையில் மோதின. மேலாளர் வேர்த்துப்போய்ப் படிவத்தை இழுத்துக்கொண்டார். அடித்த வரிக்குப் பக்கத்தில் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். தவறு எங்களுடையது என்று எழுதச் சொல்லி அக்கா கேட்டாள். அதற்கு மட்டும் அவர் கை வரவில்லை. நாலு மணி பத்து நிமிடத்துக்குத் தற்காலிகச் சீட்டு வெளியே வந்தது.

நாலே முக்காலுக்குப் பணியாளர் பிரிவில் இருந்தோம். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அந்த அம்மாள் சீட்டை முன்னும் பின்னும் பார்த்தார், பதிந்தார், நியமன உத்தரவைக் கொடுத்தார். கூடவே இன்னொரு தாளையும் கொடுத்தார். காவல் நிலையத்தில் பொய்த் தகவல் அளித்தது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்க வேண்டும்.

"வேலை உங்களோடதுதான். ஆனா இதை நான் பாக்காத மாதிரி இருக்க முடியாது" என்றார்.

"இருக்க வேணாம் மேடம்" என்றாள் அக்கா.

வெளியே வந்ததும் அந்த இரண்டாவது தாளுக்காக என் கை தானாக நீண்டது. பதில் எப்படித் தொடங்க வேண்டும் என்று அதற்குள் இரண்டு வாக்கியம் யோசித்துவிட்டேன். அக்கா தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டு இழுத்து மூடினாள்.

"தொடாதே. இதுக்குப் பதில் நான் எழுதிக்கிறேன்."

"என்னன்னு எழுதுவே?"

"நடந்தது நடந்தபடி. என் தம்பி சொன்னான், நான் கையெழுத்து போட்டேன், தப்பு."

"என் பேரையுமா எழுதப் போறே?"

"உன் பேரைத்தான்டா மொதல்ல" என்று சொல்லிவிட்டு, சாலையைக் கடந்து எனக்காக நிற்காமல் நடந்தாள்.