அழுக்கென்று நீக்கிய மூச்சு

ரூசே நகரத்தில், மின்கம்பியில் ஓடும் ட்ராலிபஸ்களின் பணிமனைக்கு எதிரே உள்ள அடுக்குமாடியின் நான்காம் தளத்தில், ஸ்னெஜானாவின் குரலை அவள் கணவன் லியூத்மில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கணினியை வைத்து நீக்கிவிட்டான். வேண்டுமென்று செய்யவில்லை. தான்யூப் ஆற்றில் தண்ணீர் இரண்டு சாண் ஏறியிருந்த வாரம் அது. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், குறை ஒன்றும் இல்லை, குரல்தான் இல்லை என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

பணிமனையில் மின்பழுது பார்த்து ஓய்வு பெற்ற நாள் முதல் லியூத்மில்லுக்கு ஒரே வேலை. வீட்டிலிருந்த அறுநூற்றுச் சொச்சம் இசைத்தட்டுகளையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணினிக்குள் ஏற்றுவது. ஏற்றி முடித்த தட்டில் கோடுகள் எல்லாம் மறைந்து வழவழவென்று ஆகிவிடும். கீழ்வீட்டுப் பென்கா அவற்றை வாங்கிப்போய் விருந்தாளிகளுக்குச் சீஸ் அடுக்கினாள். அந்தக் கட்டடத்தில் யாராவது நடந்தால் தரை அதிரும், ஊசி குதிக்கும். அதனால் தட்டு ஓடும் இருபது நிமிடமும் ஸ்னெஜானா சமையலறை முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுப்பில் மிளகாய் கருகினாலும் எழக் கூடாது. “எந்திரிக்காதடி, ஊசி குதிக்கும்” என்பான். “உன்னைத் தவிர இந்த வீட்டுல எல்லாமே நான் நடந்தா அசையுது” என்பாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் பேசிக்கொண்டிருப்பாள். ஹெட்ஃபோன் மாட்டிய லியூத்மில் திரும்பாமல் “சரி, சரி” என்று கையை மட்டும் ஆட்டுவான். மூன்று வருடம் இப்படிப் போனது.

அவள் கேட்டது ஒரே ஒரு தட்டுதான். இருபத்து மூன்று வயதில் காய்கறியை டப்பாவில் அடைக்கும் ஆலையின் பாடகர் குழுவில் பாடியது. இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டில், முதல் நான்கு வரியை அவள் தனியாகப் பாடியிருந்தாள். அவள் குரல் இந்த உலகத்தில் பதிவாகியிருந்தது அங்கே மட்டும்தான். “அதை முதல்ல ஏத்தேன்” என்று கேட்டுக் கேட்டு அலுத்தாள். “கை நல்லாப் பழகட்டும். உன்னோடத கடைசியில பளிச்சுன்னு பண்ணித் தர்றேன்” என்றான் அவன். பிரியத்தோடுதான் சொன்னான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பளிச்சென்று பண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. பாட்டு தொடங்குமுன் ஊசி வெறுமனே இரைகிற ஒரு நொடியைத் தேர்ந்தெடுத்து, இதுதான் அழுக்கு என்று கணினிக்குக் காட்ட வேண்டும். அதைப் போன்றதையெல்லாம் அது துடைத்தெடுத்துவிடும். அறுநூறு தட்டு பார்த்த கை என்ற திமிரில் லியூத்மில் அந்த நொடியைக் காதால் கேட்கவில்லை. திரையில் ஒலிக்கோடு தட்டையாகப் படுத்திருந்ததைப் பார்த்தான், அமுக்கினான், சேமித்தான். தட்டின் அந்த நொடியில் இருபத்து மூன்று வயது ஸ்னெஜானா பாடுவதற்காக மூச்சை உள்ளே இழுத்திருந்தாள். மூச்சை அழுக்கென்று கற்றுக்கொண்ட கணினி அவளை மொத்தமாகத் துடைத்தது. ஓடவிட்டால் முதல் நான்கு வரியும் வெறுமை. பிறகு குழு, யாருமே அழைக்காமல், தானாகப் பாட ஆரம்பித்தது. தட்டு அதற்குள் வழவழத்துவிட்டது. சமையலறையில் “முடிஞ்சுதா?” என்று கேட்க ஸ்னெஜானா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

செய்தி கேட்டுப் பென்கா மேலேறி வந்தாள். “நீ எப்பவும் காதுல வாங்காத குரல்தானே லியூத்மில். உனக்கென்ன நஷ்டம்?” என்று கேட்டுவிட்டு, வழவழத்துப்போன அந்தத் தட்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

துடைத்ததைக் கணினி ஒரு தனிக் கோப்பில் போட்டு வைத்திருந்தது. மூன்று வாரம் தேடி லியூத்மில் அதைக் கண்டுபிடித்தான். முதலில் இரைச்சல், அடுத்து அந்த மூச்சு, பிறகு அவள் குரல். பாட்டு அதில் இல்லை. முக்காலியில் உட்கார்ந்து மூன்று வருடம் அவள் பேசியது முழுக்க இருந்தது. “சூப்பு ஆறுது.” “மார்ல கட்டி மாதிரி இருக்கு, லியூத்மில். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க, நீயும் வர்றியா?” அவன் குரல்: “சரி, சரி.” அதற்கப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை: “ஒண்ணுமில்லாத கட்டியாம்.” மறுபடி அவன் குரல்: “சரி, சரி.” லியூத்மில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அழுதான். கதவருகே நின்ற ஸ்னெஜானா பார்த்தாள், காய் நறுக்கப் போய்விட்டாள்.

கோப்பு இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. சமையலறையில் அவள் உதடசைத்துச் சொல்வதெல்லாம் சாயங்காலத்துக்குள் அதில் சேர்ந்துவிடுகிறது. விலைவாசி, முழங்கால் வலி, பென்காவின் மருமகளைப் பற்றிய வசவு, எதுவும் தப்புவதில்லை. ஒன்பது வருடமாக லியூத்மில் தினமும் கடைசிவரை கேட்கிறான். கேட்டுப் பதிலோடு எழுந்து வருவதற்குள் அவள் தூங்கியிருப்பாள். ஒரு நாள் அவளிடம் அந்த நான்கு வரியைக் கெஞ்சிக் கேட்டான். சும்மா உதட்டை அசைத்தால் போதும் என்றான். அன்று சாயங்காலம் கோப்பின் கடைசியில் அவள் சொல்லியிருந்தாள்: “சரி, சரி.”