பூரணியின் தடிப்பு

தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு வேலை பிரித்துக்கொண்டிருந்தார். பனி இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. பூரணி மற்றப் பெண்களிடமிருந்து நாலடி தள்ளி நின்றாள். கிட்டப் போனால் அவர்கள் நகர்ந்துகொள்கிறார்கள், வேறென்ன செய்வாள்? பனி ஈரக் கொழுந்தில் கை வைத்தால் உடம்பெல்லாம் தடிதடியாக எழும்பும் அவளுக்கு. ஒட்டாத சீக்குதான். யார் நம்புகிறார்கள்! தேத்தண்ணி நேரத்தில் அவளுக்கு மட்டும் தனி டம்ளர். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் கொழும்பில். லயத்து வீட்டுக்குத் திரும்பினாலும் பேச ஒரு நாதியில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து ஆர்த்திகா டாக்டர்தான் பக்கத்தில் உட்காரவைத்து விளக்கினார்.

"உங்கட தோலுக்குள்ள சின்னச் சின்னக் கலங்கள் இருக்கு. குளிர் பட்டா அது வெடிச்சு நஞ்சு மாதிரி ஒண்டைக் கக்குது. இந்தக் குளிசை அதை வெடிக்க விடாது. ஆனா நனையிற வேலைக்குப் போகாதேங்கோ அம்மா."

அது கெட்டிக்காரக் குளிசைதான். விழுங்கத் தொடங்கியதிலிருந்து அரிப்பு போன இடம் தெரியவில்லை.

முறை வந்ததும் பூரணி கேட்டாள். "அய்யா, ஸ்டோருக்குள்ள தேயிலத் தூளு அரிக்கிற வேல குடுங்கய்யா. நனையக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

கண்டாக்கு அவள் கையைப் பார்த்தார். "கை பளிங்காட்டம் இருக்கு. எங்க சீக்கு?"

"மருந்து குடிக்கிறதாலதாங்கய்யா..."

"இருந்தா காட்டு, பேசுவோம். இப்ப கொழுந்துக்குப் போ."

சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணுமே! அன்றோடு குளிசையை நிறுத்தினாள்.

அடுத்த வாரம், பெரட்டுக்கு முந்தி, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணியில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். பச்சைத் தண்ணி எலும்பு வரை குத்தியது. முழங்கை வரை தடிப்பு ஏறியது, உதடு வீங்கியது, மூச்சு கொஞ்சம் இழுத்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷம். இனி யாரும் பொய் என்று சொல்ல முடியாதே.

"பாருங்கய்யா."

கண்டாக்கு பின்னால் நகர்ந்தார். "ஐயய்யோ, இந்தக் கையோடயா ஸ்டோரு கேக்குற? வெளிநாட்டுக்குப் போற தூளு அது. தொட விடுவாங்களா? பேசாம மலைக்குப் போ."

அவள் போனாள். மடங்காத விரல்களால் ஈரக் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டாள்.

மத்தியானம் லொறி வந்தது. அந்தக் கை பறித்த கொழுந்தை மற்றவர்களுடையதோடு ஒன்றாகக் கொட்டி, தூளாக்க ஸ்டோருக்கு ஏற்றிப் போனார்கள்.